என்கோடரைத் திருகுவதா, மாற்றுவதா, எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதா?

கோலாலம்பூர் பக்கம் சுபாங் விமான நிலைய ஹேங்கரில் நிற்கும் எங்கள் சிறு விமானம் செஸ்னா 172 மூன்று பேருக்குப் பங்கு. போன மாதம் அந்த மூன்று பேருக்கும் மூன்று கருத்து. நடந்தது இவ்வளவுதான். ஒரு காலை, பத்துமலைப் பக்கம் 2,000 அடியில் நேராகப் போய்க்கொண்டிருந்தோம். கண்ட்ரோலர் கூப்பிட்டு, ஆல்டிமீட்டர் (உயரமானி) அமைப்பைப் பார்த்து உயரத்தைச் சொல்லுங்கள் என்றார். சொன்னோம். அவர் திரையில் 2,400 காட்டுகிறதாம். அடுத்த வரி: "ஸ்டாப் ஸ்க்வாக் சார்லி, ராங் இண்டிகேஷன்." உங்கள் விமானம் அனுப்பும் உயரம் தப்பு, அனுப்புவதை நிறுத்துங்கள் என்று அர்த்தம். அந்த உயரத்தை அளந்து கொடுப்பது என்கோடர், அதை ரேடாருக்கு அனுப்புவது டிரான்ஸ்பாண்டர்.

கண்ட்ரோலர் கறாராக நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. விமானி சொல்லும் உயரமும் திரையில் வரும் உயரமும் 300 அடிக்குள் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம் என்பது சர்வதேச நடைமுறை. பெரிய ஜெட்கள் பறக்கும் உயரத்தில் அது 200 அடி. நாங்கள் 400 தள்ளி இருந்தோம். அந்த எண் திரைக்கு மட்டும் போவதில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. பக்கத்தில் வரும் பயணிகள் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி, நாம் அனுப்பும் உயரத்தை வைத்துத்தான் ஏறவா இறங்கவா என்று தன் விமானிக்குச் சொல்கிறது.

தரையிறங்கியதும் விவாதம் ஆரம்பித்துவிட்டது. எங்களில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், "பழைய என்கோடரைத் திருகினால் சரியாகிவிடும், எதற்குச் செலவு?" என்றார். இளையவன் நேராக கார்மின் ஜிடிஎக்ஸ் 335 என்ற புதிய டிரான்ஸ்பாண்டரின் படத்தை போனில் காட்டினான். நான் நடுவில். மூன்று வழிகளையும் நாங்கள் அலசிப் பார்த்த கதையைத்தான் எழுதுகிறேன். பழைய சிறு விமானம் வைத்திருக்கும் யாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைக்கலாம். ஆல்டிமீட்டரில் இருக்கும் அழுத்தக் குமிழைத் திருகினால் ரேடாருக்குப் போகும் உயரமும் மாறும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாறாது. என்கோடர் தனிப்பெட்டி. முகப்பில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. அதனால்தான் அதைக் குருட்டு என்கோடர் என்கிறார்கள். அது எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்து அழுத்த உயரத்தை மட்டும் டிரான்ஸ்பாண்டருக்குக் கொடுக்கும். அன்றைய கியூ.என்.எச்சை, அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தத்தை, சேர்த்துத் திருத்துவது தரையில் இருக்கும் ரேடார் கணினியின் வேலை. எங்களிடம் இருக்கும் கிங் கேடி 76ஏ போன்ற பழைய டிரான்ஸ்பாண்டரில் என்ன உயரம் போகிறது என்று விமானிக்குத் தெரியவே தெரியாது. யாராவது வானொலியில் சொன்னால்தான் உண்டு.

இளையவன் இன்னொன்றும் சொன்னான்: "போன் ஜிபிஎஸ்ஸை வைத்து எது தப்பு என்று கண்டுபிடித்துவிடலாமே?" கோலாலம்பூர் வெயிலில் அது நடக்காது. ஆல்டிமீட்டர் கணக்கு, கடல் மட்டத்தில் 15 டிகிரி இருக்கும் ஒரு கற்பனைக் காற்றுமண்டலத்தை நம்பி எழுதப்பட்டது. இங்கே காற்று அதைவிட ஏறக்குறைய 15 டிகிரி அதிகச் சூடு. சூடான காற்று விரிந்து நிற்பதால், ஆல்டிமீட்டர் 4,000 என்று காட்டும்போது நிஜ உயரம் சுமார் 200 அடி கூடுதலாக இருக்கும். கருவியில் கோளாறே இல்லாமல் இந்த வித்தியாசம் வரும். வானத்தில் எல்லோரும் ஒரே அழுத்தக் கணக்கில் பறப்பதால்தான் ஒருவரை ஒருவர் இடிக்காமல் போகிறோம். அந்தக் கணக்கில் ஜிபிஎஸ்ஸுக்கு இடமில்லை.

சரி, விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பார்க்கும் எங்கள் ஏவியானிக்ஸ்காரர் சோதனைப் பெட்டியோடு வந்தார். மூவரும் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாஸ், முதல்ல அளந்து பார்ப்போம். அப்புறம் வாங்குறதைப் பத்திப் பேசலாம்" என்றார். அந்த அளத்தல்தான் முடிவையே மாற்றியது.

சுபாங் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து 90 அடி. அன்று கியூ.என்.எச் 1009. தரைக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 27 அடி. ஆல்டிமீட்டரை 1013இல் வைத்தால் முள் 200ஐ ஒட்டி நிற்க வேண்டும். நின்றது. ஆக, ஆல்டிமீட்டர் மேல் சந்தேகம் குறைந்தது. டிரான்ஸ்பாண்டரை முடுக்கிச் சோதனைப் பெட்டியில் பார்த்தால், 700. பழைய என்கோடர்கள் உள்ளே ஒரு சூடேற்றி வைத்துத் தங்கள் அழுத்த உணரியை ஒரே வெப்பத்தில் வைத்துக்கொள்பவை. சூடாகச் சில நிமிடம் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் விட்டோம். 500க்கு இறங்கியது. அப்போதும் 300 அடி கூடுதல்.

அடுத்து ஸ்டாட்டிக் குழாய். ஆல்டிமீட்டர், ஏறும் வேகம் காட்டும் கருவி, காற்றுவேகமானி, என்கோடர் எல்லாம் ஒரே குழாயிலிருந்துதான் வெளிக்காற்றை மோப்பம் பிடிக்கின்றன. அந்தக் குழாயின் வெளித் துளைகளில் ஒன்றைச் சிவப்பு நாடாவால் மூடி, மற்றதில் குழாயை இணைத்து, ஆல்டிமீட்டர் 1,000 அடி கூடும்வரை காற்றை மெதுவாக உறிஞ்சி, வால்வை மூடி ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, எங்களுடையதைப் போல அழுத்தம் ஏற்றாத கேபின் கொண்ட விமானத்தில் அந்த ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. எங்களுடையது 260 அடி இறங்கியது. முள் சோம்பேறித்தனமாக, ஆனால் நிற்காமல் சரிந்துகொண்டே வந்ததை நாங்கள் மூன்று பேரும் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தோம். பேனலுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்த ஏவியானிக்ஸ்காரர் பதினைந்து நிமிடத்தில் ஒரு ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வளைவில் வெடிப்பு. இங்கத்து வெக்கையில் ரப்பர் இப்படித்தான் ஆகும். குழாய் மாற்றியதும் ஒழுகல் நின்றது.

அந்த இடத்திலேயே அண்ணன், "பார்த்தியா, குழாய்தான்!" என்றார். இல்லை. ஒழுகல் இருந்தால் கேபின் காற்று உள்ளே வந்து எல்லாக் கருவிகளும் சேர்ந்து தப்புக் காட்டும். ஆல்டிமீட்டருக்கும் என்கோடருக்கும் நடுவில் 400 அடி இடைவெளிக்கு அது காரணமாக முடியாது.

ஆல்டிமீட்டரும் என்கோடரும் ஒத்துப்போகின்றன என்பதற்காக இரண்டும் சரி என்றும் ஆகிவிடாது. 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 போயிங் 757இல், விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள்மேல் ஒட்டிய நாடாவை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இரவு, கீழே கடல். குழம்பிப்போன விமானிகள் தரையில் இருந்த கண்ட்ரோலரிடம் உயரம் கேட்டார்கள். அவர் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார். அந்த எண்ணும் அதே விமானத்தின் அடைபட்ட துளையிலிருந்து போனதுதான். விமானம் உண்மையில் கடலுக்கு வெகு அருகில் பறந்துகொண்டிருந்தது. 70 பேர் இறந்தார்கள். எங்கள் ஏவியானிக்ஸ்காரர் சிவப்பு நாடாவை எத்தனை துண்டு வெட்டினார் என்று ஒரு அட்டையில் எழுதிவிட்டுத்தான் ஒட்டுவார். வேலை முடிந்ததும் அந்த எண்ணிக்கைக்குத் துண்டுகளைக் கையில் காட்டினால்தான் கையெழுத்து. முதலில் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. குளவிகளுக்கும் இந்தத் துளைகள் பிடிக்கும். ஒரு வாரம் மூடி போடாமல் நிறுத்திப் பாருங்கள்.

இனி வழிகள். அண்ணனின் வழி, இருக்கும் என்கோடரைத் திருத்துவது. நிறையப் பழைய மாடல்களில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும்: ஒன்று அடித்தளத்தை ஏற்றி இறக்க, மற்றது மேல் உயரங்களில் விரிவைச் சரிசெய்ய. சோதனைப் பெட்டியால் ஆல்டிமீட்டரைப் படிப்படியாக ஏற்றி, என்கோடர் எண் எந்த இடத்தில் தாவுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அனுப்பும் முறையான மோட் சி 100 அடிப் படிகளில்தான் பேசும். 1,950இலிருந்து 2,050 வரை எங்கே இருந்தாலும் அது சொல்வது 2,000. எண்ணைப் பார்த்து ஏமாறாமல் தாவும் இடத்தைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். அமெரிக்க விதி அனுமதிக்கும் 125 அடி வித்தியாசத்தில் 50 அடியை இந்தப் படியே தின்றுவிடுகிறது. மிச்சம் 75தான் கருவியின் தேய்மானத்துக்கும் வயதுக்கும்.

இந்த வழி மலிவு, ஒரே காலையில் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: பிழை ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்கள் என்கோடரை 10,000 அடிவரை ஏற்றி இறக்கித் திரும்பத் தரைக்குக் கொண்டுவந்தபோது, முன்பு 500 காட்டிய பெட்டி இப்போது 600 காட்டியது. மறுபடி ஏற்றி இறக்கினோம். 400. எப்போதும் 300 அடி கூட்டிச் சொல்பவனைத் திருத்தலாம். ஒவ்வொரு தடவையும் வேறு சொல்பவனைத் திருத்த முடியாது. திருகைத் திருப்பி அன்றைக்கு 200இல் நிறுத்திவிட்டு, சரியாகிவிட்டது என்று தாளில் எழுதலாம்தான். இரண்டு வாரத்தில் அதே கண்ட்ரோலர் அதே வரியைச் சொல்வார். அண்ணனிடம் நாடாவும் திருகும் வைத்துக்கொண்டு இதைப் புரியவைக்க ஒரு தே தாரிக் டீ குடிக்கும் நேரம் ஆனது.

பெட்டியை மட்டும் கழற்றி வேறு பட்டறைக்கு அனுப்பித் திருத்தி வாங்கும் யோசனையும் வந்தது. விமானம் ஏதோ ஒரு ஒதுங்கிய திடலில் நிற்கிறது, ஏவியானிக்ஸ்காரர் வர முடியாது என்றால் அது பரவாயில்லை. ஆனால் மேசைமேல் பெட்டி மட்டும்தான் சோதிக்கப்படும். வெடித்த குழாயும் துருப்பிடித்த இணைப்பானும் விமானத்திலேயே இருக்கும். என்கோடர் ஆல்டிமீட்டரோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கடைசியில் விமானத்தில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். இதே காரணத்தால், நாளைக்கு ஆல்டிமீட்டரை மாற்றினாலும் இந்த ஒப்புமைச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆல்டிமீட்டருக்குள்ளேயே என்கோடர் வைத்த கருவியும் உண்டு. முள்ளும் குறியீடும் ஒரே மெல்லுலோகப் பையிலிருந்து வருவதால் இரண்டும் நன்றாக ஒட்டிப்போகும். எனக்கு அது வேண்டாம். ஒன்று பழுதானால் இரண்டும் சேர்ந்து கழற்றப்படும், விமானம் தரையில் உட்காரும்.

இளையவனின் வழிக்கு வருகிறேன். அவனைச் சும்மா தள்ளிவிட முடியாது. அவன் காட்டியது மோட் எஸ் என்ற புதிய வகை டிரான்ஸ்பாண்டர், உயரத்தை 25 அடிப் படிகளில் சொல்லும். ஏடிஎஸ்-பி என்ற தானியங்கி ஒலிபரப்பு மூலம் ஜிபிஎஸ் இடத்தையும் சேர்த்து அனுப்பும். முகப்பிலேயே என்ன உயரம் போகிறது என்று தெரியும்; குருட்டுப் பெட்டியோடு இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. கேடி 76ஏயின் வயதும் அவன் பக்கம் பேசுகிறது. ஜிடிஎக்ஸ் 335க்குச் சொந்தமாகச் சின்ன என்கோடர் வாங்கலாம், அது மாட்டும் சட்டத்தின் பின்புறமே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அவன் கவனிக்காத ஒன்று. ஏடிஎஸ்-பியும் அழுத்த உயரத்தை அந்த என்கோடரிடமிருந்துதான் வாங்குகிறது. செலவைக் குறைக்கிறேன் என்று புதிய டிரான்ஸ்பாண்டரைப் பழைய என்கோடரோடு இணைத்தால், அதே பொய்தான் எல்லோருக்கும் போகும். அப்புறம் பேனல் வெட்டு, வயரிங், மாற்றத்துக்கான ஒப்புதல் தாள்கள், விமானத்தை அடையாளம் காட்டும் 24 பிட் முகவரி என்று வேலை நீளும். என்கோடர் சில நூறு அமெரிக்க டாலர். டிரான்ஸ்பாண்டர் சில ஆயிரம், கூலி தனி. விலை டாலரில், கட்டுவது ரிங்கிட்டில். விமானம் வாரக்கணக்கில் நிற்கும் என்பது எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை.

நடுவழி, புதிய என்கோடர் மட்டும். இப்போது வருபவை முழுக்க மின்னணுவானவை, வெப்பத் திருத்தத்தைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளும், சீக்கிரம் தயாராகும். இதிலும் ஒரு தேர்வு இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: பழைய பலவயர் வெளியீடும் புதிய ஒற்றைவயர் தொடர் வெளியீடும் இரண்டும் உள்ள மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஏன் என்று சொல்ல ஏவியானிக்ஸ்காரர் ஒரு பழைய கதையை எடுத்தார். இன்னொரு விமானம், 2,700 அடிவரை எல்லாம் கச்சிதம். அதைத் தாண்டி ஏற ஏற, ரேடார் திரையில் அது இறங்கியது. 4,000 அடியில் பறக்கும்போது கண்ட்ரோலர் கண்ணுக்கு 1,500. பேய் பிடித்த மாதிரி. காரணம் ஒரு வயர். பழைய முறையில் உயரம் சுமார் பத்து வயர்களில் ஆம்-இல்லை குறிகளாகப் போகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு வயர் மட்டும் மாறும்படி குறியீடு அமைந்திருக்கிறது. ஏ4 என்ற வயர் 2,800 அடியில்தான் முதல்முறை உயிர்பெறும். அது அறுந்திருந்தால், அதற்குக் கீழே யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்கு மேலே குறியீடு கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். நான் வீட்டுக்கு வந்து தாளில் குறியீட்டு அட்டவணை போட்டுப் பார்த்தேன்: 4,000க்கு உள்ள குறியில் ஏ4ஐ அழித்தால் மிஞ்சுவது அச்சு அசலாக 1,500இன் குறி. இதற்கு எந்தத் திருகும் உதவாது, புதிய என்கோடரும் உதவாது. அங்கே பழுது வயரில். ஒருநாள் பத்து வயரை விட்டு ஒற்றைவயருக்கு மாற வழி வேண்டும் என்று அவர் சொன்னது இதனால்தான்.

இதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது கண்ட்ரோலர் திட்டினார் என்று சொன்னால், எவ்வளவு தப்பு என்று கேட்பதில்லை. எப்படித் தப்பு என்று கேட்கிறேன். எல்லா உயரத்திலும் ஒரே அளவு, இரண்டு முறை அளந்தாலும் அதே அளவு என்றால் திருகு போதும், அண்ணன் சொல்வது சரி. ஏற ஏறப் பிழை சீராகக் கூடினாலும் பெரும்பாலும் இரண்டாவது திருகு பார்த்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கில் தாவினால் பேனலுக்குப் பின்னால் இணைப்பானைப் பாருங்கள், காசை எடுக்காதீர்கள். சூட்டுக்கும் நேரத்துக்கும் தக்கபடி அலைந்தால் என்கோடர் போய்விட்டது. தரையில் சரி, பறக்கும்போது மட்டும் தப்பு என்றால், என்கோடரின் குழாய் கழன்று கேபின் காற்றைக் குடிக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்பாண்டரே சில நேரம் பதில் சொல்கிறது, சில நேரம் சொல்வதில்லை என்றால் மட்டும் இளையவனின் பக்கத்தைத் திறக்கலாம்.

எங்களுடையது அலையும் வகை. புதிய என்கோடருக்கு எழுதிக் கொடுத்தோம், இரண்டு வெளியீடும் உள்ளது. இப்போதைக்குப் பழைய வயர்களில் கேடி 76ஏயோடு பேசும். அந்த டிரான்ஸ்பாண்டர் ஒருநாள் கண்ணை மூடினால், புதியதுக்கு ஒரே வயரில் அதே என்கோடர் பேசும். இளையவன் இதற்கு ஒத்துக்கொண்டதே அந்தக் கடைசி வாக்கியத்துக்காக. அண்ணன் ஒத்துக்கொள்ள, பழைய பெட்டியின் மூன்று அளவுகளையும் வரிசையாகத் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது: 500, 600, 400.

பெட்டி வந்து மாட்டிய அன்றைக்கும் காலையிலேயே ஆரம்பித்தோம், மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் அழுத்தம் ஆடி, தரை அளவையே குழப்பும். கியூ.என்.எச் 1010. ஆல்டிமீட்டர் 1013இல் 180 காட்டியது, என்கோடர் 200. ஏற்றினோம், இறக்கினோம், மறுபடி ஏற்றினோம். ஒவ்வொரு தாவலும் ஆல்டிமீட்டர் முள்ளிலிருந்து 30 அடிக்குள். இறக்கும்போது அவசரப்பட்டு வால்வைத் திறக்கப் போன இளையவனின் கையை ஏவியானிக்ஸ்காரர் தட்டிவிட்டார். காற்றை ஒரேயடியாக உள்ளே விட்டால் ஏறும் வேகக் கருவியின் முள் அந்தக் கோடிக்குப் போய் அடித்து நிற்கும், அப்புறம் அதற்கு வேறு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

அளவுகள் எல்லாம் பதிவேட்டில் ஏறின. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தின் உரிமப் பொறியாளர் கையெழுத்து போட்டார். அமெரிக்காவில் இந்தச் சோதனைக்கு 24 மாத இடைவெளி. ரப்பர் குழாய்களை மட்டும் ஒவ்வொரு வருடச் சோதனையிலும் வளைத்துப் பார்ப்பது என்று நாங்களாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். அண்ணன் சிவப்பு நாடாத் துண்டுகளை எண்ணினார். நான்கு வெட்டியது, நான்கும் கையில்.